ஆரியச்சக்கரவர்த்தி பல்லக்குக் கொடுத்து மலைக்கு அனுப்பிய முஸ்லிம் பயணி

தம்பலகாமம் வயல் ஊர். போர்க்காலத்தில் எங்கள் பக்கத்தவர் பலர் வழியிலுள்ள சோதனைச்சாவடிகளை எண்ணியே சிவனொளிபாதமலை யாத்திரையைக் கைவிட்டார்கள். இப்போது பாதை திறந்திருக்கிறது. ஆனால் மலை யாருடையது என்ற வாக்குவாதம்தான் அதிகம் காதில் விழுகிறது. 1344 இல் அதில் ஏறிய இபன் பதூதாவைப் பற்றி எழுத நினைத்தது அதனால்தான்.

மொரோக்கோவின் தாஞ்சியரில் 1304 இல் பிறந்தவர். 21 வயதில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, கால் நூற்றாண்டு அளவுக்கு ஊர் திரும்பாமல் அலைந்தார். டெல்லியிலும் மாலைதீவிலும் காதியாக இருந்தார். மாலைதீவிலிருந்து தமிழகக் கரைக்குப் போன கப்பலைக் காற்று இலங்கைப் பக்கம் தள்ளிவிட்டது.

அந்தக் கடலில் ஆரியச்சக்கரவர்த்தியின் கப்பல்கள் என்றால் மாலுமிகளுக்குப் பயம். புத்தளத்தில் கரையிறங்கவே தயங்கினார்கள். இபன் பதூதா நேரே மன்னரிடம் போனார். பாரசீகம் விளங்கும் அந்தத் தமிழ் மன்னர் அவரை மூன்று நாள் விருந்தாளியாக வைத்திருந்து முத்துக்களைக் காட்டினார். வேண்டியதைக் கேட்கச் சொன்னபோது, ஆதாமின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்பதை மட்டுமே அவர் கேட்டார்.

மன்னர் பல்லக்குக் கொடுத்தார். கூடவே ஆண்டுதோறும் அந்த யாத்திரை போகும் நான்கு யோகிகள், மூன்று பிராமணர், வேறு பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர். ஒரு முஸ்லிமின் யாத்திரைக்குச் சைவ யோகிகள் வழிகாட்டிகள்! நம் பாடப்புத்தகங்களில் இதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

அந்தீஸில் 6,961 மீற்றர் உயரமான அக்கொன்காகுவாவிலும் இன்கா மக்கள் வழிபாட்டுக்காக ஏறியிருக்கிறார்கள். நம் மலை 2,243 மீற்றர்தான். ஆனால் வழி லேசானதல்ல. அட்டைக்கடிக்கு எலுமிச்சைச் சாறு வேண்டும். உச்சியை நெருங்கும் செங்குத்தில் பத்து இரும்புச் சங்கிலிகள். ஏறக் கடினமான பாதைக்குப் பாபா என்றும் இலகுவானதற்கு மாமா என்றும் பெயர். இலகுவான பாதையால் ஏறினால் யாத்திரையாகவே கணக்கில்லை.

இறங்கியவர் தேவேந்திரமுனை, காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் திரும்பினார். திருகோணமலைப் பக்கம் வரவில்லை. கப்பல் தலைவர் அவருக்காகக் காத்திருந்தார். ஆனால் அந்தக் கப்பல் தமிழகக் கரையை அண்டிய கடலில் உடைந்தது. உயிர் தப்பியவரை மதுரை சுல்தானின் ஆட்கள் அழைத்துப் போனார்கள்.

பத்தாண்டுகள் கழித்து மொரோக்கோவில் தன் பயணங்களைச் சொல்லி எழுதுவித்தார். சங்கிலிகளின் எண்ணிக்கையையும் யோகிகளையும் மறக்கவில்லை.