ஏர் பிடித்தவன் பாட்டு

ஜனவரி 25. மொழிக்காக உயிரீந்த மறவர்களின் படங்களுக்கு மாலை சூட்டி நாம் தலைதாழ்த்தும் நாள். 1964-இல் அந்த நாளில்தான் கீழப்பழுவூர் சின்னச்சாமி திருச்சியில் தன் உடலைத் தீக்கு இரையாக்கினான். அதே நாள் மாலையில், கடல் பல கடந்து, ஸ்காட்லாந்து நாட்டின் வீடுகளிலும் விடுதிகளிலும் மன்றங்களிலும் விருந்து நடக்கிறது. மன்னன் முடிசூடிய நாளா? இல்லை. படைத்தலைவன் வாகை சூடிய நாளா? அதுவும் இல்லை. ஏழை உழவன் ஒருவனின் மகன் பிறந்த நாள்! ராபர்ட் பர்ன்ஸ் என்பது அவன் பெயர். கவிஞன்.

ஸ்காட்லாந்து நமக்குத் தொடர்பே இல்லாத நாடு என்று எண்ணிவிட வேண்டாம். தாம்பரம் இரயில் நிலையத்துக்கு அருகே, மரங்கள் அடர்ந்து நிற்கிறதே கிறித்துவக் கல்லூரி, அதற்கு வித்திட்டவர்கள் அந்நாட்டார்தாம். ஜான் ஆண்டர்சன் பாதிரியார் 1837-இல் சென்னையில் தொடங்கிய பள்ளி, வில்லியம் மில்லர் காலத்தில் கல்லூரியாகத் தழைத்து, 1937-இல் ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அவர்களிடம் நம் இளைஞர்கள் ஆங்கிலம் கற்றார்கள். ஆனால் அந்த ஆசான்கள் நாட்டில், உழவனும் நெசவாளியும் அடுப்பங்கரையிலே பேசிய மொழி வேறு. ஸ்காட்ஸ் என்பார்கள். ஆங்கிலத்துக்கு உறவு, ஆயினும் தனி ஓசை, தனிச் சொல், தனி மணம். 1707-இல் இங்கிலாந்தோடு இணைந்து, சொந்தப் பாராளுமன்றத்தை மூடிவிட்ட நாடு அது. படித்தவர்கள் ஆங்கிலம் பேசுவதே பெருமை என்றார்கள். வீட்டு மொழி நாவில் வந்துவிட்டால் நாணினார்கள். நமக்குப் பழகிய கதைதான்!

அந்தச் சூழலில், 1759-இல், ஆலோவே என்னும் சிற்றூரில், தந்தை தன் கையாலேயே எழுப்பிய மண் வீட்டில் பர்ன்ஸ் பிறந்தான். பிறந்த சில நாளில் புயல் வந்து சுவரைச் சாய்த்தது. தாயையும் சேயையும் அண்டை வீட்டுக்குத் தூக்கி ஓடினார்கள். ஏழு பிள்ளைகளில் மூத்தவன். பதினைந்து வயதில் முழு ஆளின் வேலை அவன் தோளில். தந்தை வாரத்துக்கு எடுத்த நிலமெல்லாம் வளமற்ற நிலம். நிலக்கிழாரோடு குத்தகை வழக்கு நீதிமன்றம் ஏறியது. 1784-இல் வழக்கில் வெற்றி. அடுத்த மாதமே தந்தை மறைந்தார். வென்றவனுக்கு மிஞ்சியது சவப்பெட்டி.

ஆனாலும் அந்தத் தந்தை, வயிற்றைக் கட்டி, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து மகனுக்கு ஆசிரியர் வைத்தவர். பையன் படித்தான், பகலில் ஏர் ஓட்டினான், பாட்டுக் கட்டினான். கலப்பை கொழுவிலே எலி வளை ஒன்று சிதைந்தபோது, அந்தச் சிற்றுயிரிடம் வருத்தம் தெரிவித்து எழுதினானே, அதை இன்றும் அந்நாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள்.

1786-ஆம் ஆண்டை அவன் வாழ்வின் மேடும் பள்ளமும் என்று சொல்லலாம். காதலித்த ஜீன் ஆர்மர் கருவுற்றிருந்தாள். அவள் தந்தையோ இந்தக் கடனாளிக்கு என் பெண்ணா என்று சீறினார். பண்ணை நொடித்தது. ஊரைவிட்டே ஓடிவிட முடிவு செய்தான் பர்ன்ஸ். எங்கே? ஜமைக்காத் தீவுக்கு, கரும்புத் தோட்டத்துக் கணக்கனாக. அடிமைகளாக விற்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் முதுகிலே சவுக்கு விழுந்த தோட்டங்கள் அவை! மனிதர் எல்லோரும் நிகர் என்று பின்னாளில் பாடியவன் அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டான் என்பதை மறைப்பதற்கில்லை. பெண்கள் வகையிலும் அவன் நடத்தை மெச்சத்தக்கதல்ல. கவிஞனைப் போற்றுவதற்காக மனிதனை வெள்ளையடிக்க வேண்டியதில்லை.

கப்பல் செலவுக்குப் பணம் வேண்டுமே என்று கில்மார்நாக் ஊரில் தன் பாட்டுகளை அச்சிட்டான். 612 படிகள். ஒரு மாத அளவில் தீர்ந்தன! பண்ணையாட்களும் பணிப்பெண்களும்கூட வாங்கிப் படித்தார்களாம். கப்பல் ஏறவில்லை, எடின்பரோ தலைநகர் அவனை அழைத்தது. சீமான்களும் சீமாட்டிகளும் சூழ்ந்தார்கள்; ஏரோட்டிக்கு இவ்வளவு அறிவா என்று வியந்தார்கள். கூடவே அறிவுரை: நல்ல ஆங்கிலத்தில் எழுதப்பா, உலகம் படிக்கும்! அவன் ஆங்கிலத்திலும் எழுதியவன்தான். ஆனால் நின்றவை பெரும்பாலும் நாட்டு மொழியில் எழுதியவையே.

அதே ஆண்டில்தான் 'ஹேகிஸ்' பற்றிய பாட்டும் வந்தது. ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் இவற்றைக் கொத்தி, ஓட்ஸ் தானியமும் வெங்காயமும் கொழுப்பும் சேர்த்து, இரைப்பைக்குள் அடைத்து வேகவைக்கும் பண்டம். நல்ல கறி வாங்க வகையற்றவர்களின் உணவு. நம் ஊரில் குடற்கறி என்றதும் மூக்கைச் சுளிக்கும் மேதாவிகள் இல்லையா? அங்கேயும் இருந்தார்கள், பிரெஞ்சுச் சமையலுக்கு நாக்கை நீட்டியபடி. பர்ன்ஸ் அந்த ஏழை வீட்டுப் பண்டத்தை அரியணையில் ஏற்றினான். மெலிந்த பிரெஞ்சுப் பிரியரைக் கிண்டல் செய்தான்.

பிறகு ஜீனை மணந்தான். மீண்டும் ஒரு பண்ணை, மீண்டும் தோல்வி. சுங்கத் தீர்வை அதிகாரியாகிக் குதிரையில் ஊர் ஊராய் அலைந்தான். அலைந்த ஊர்களில் கிழவர் கிழவியர் வாயில் கிடந்த பாட்டுகளைப் பொறுக்கினான், செப்பனிட்டான், சில அடிகள் சேர்த்தான். இருநூறுக்கு மேற்பட்ட பாட்டுகள். அதற்குக் கூலி வேண்டாம் என்றான். பறங்கிமலையில் இராணுவப் பயிற்சி முடித்த இளைஞர்கள் இறுதி அடி எடுத்து வைக்கும்போது இசைக்குழு எழுப்பும் மெட்டு, அப்படி அவன் காத்துத் தந்த பழைய நட்புப் பாட்டுக்கு உரியதுதான்.

பிரெஞ்சுப் புரட்சியை ஆதரிக்கிறான் என்று 1792-இல் மேலிடத்துக்குப் புகார் போயிற்று. விசாரணை! மனைவி மக்களை எண்ணி, பணிந்து கடிதம் எழுதி வேலையைக் காத்துக்கொண்டான். கோழை என்போர் சொல்லட்டும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அவன் நிலை புரியும். 1796 ஜூலையில், சீருடைத் துணிக் கடனுக்குச் சிறை வருமோ என்று நடுங்கி ஐந்து பவுன் கேட்டு எழுதினான். நெஞ்சு நோயாளியைக் குளிர்ந்த கடல்நீரில் நிற்கச் சொன்னது மருத்துவம். ஜூலை 21-இல் கண் மூடினான். வயது 37. அவனைப் புதைத்த நாளில் ஜீன் ஓர் ஆண்குழந்தையைப் பெற்றாள்.

ஐந்தாண்டு கழித்து, அவன் பிறந்த மண் வீட்டில் ஒன்பது நண்பர்கள் கூடினார்கள். ஆட்டுத் தலையும் ஹேகிஸும் உண்டு, அவன் பாட்டைப் படித்தார்கள். முதல் விருந்து அது. கிரீனாக் ஊர்க் கழகத்தார் 1802-இல் பிறந்த நாள் விழா எடுத்தார்கள், ஜனவரி 29-இல்! மறு ஆண்டு கோயில் பதிவேட்டைப் பார்த்த பிறகே 25 என்று தெரிந்தது.

இன்று அந்த விருந்துக்கு முறையே உண்டு. பைக்குழல் முழங்க ஹேகிஸ் தட்டு ஊர்வலமாக வரும். ஒருவர் அதன் எதிரே நின்று பாட்டைச் சொல்லி, உரிய இடத்தில் கத்தியால் கீறுவார், ஆவி பறக்கும். டர்னிப் மசியல், உருளைக்கிழங்கு மசியல், விஸ்கி. (மதுவிலக்கு அன்பர்கள் பொறுத்தருள்க. மரக்கறி ஹேகிஸும் இப்போது கிடைக்கிறது!) பிறகு கவிஞனைப் பற்றி ஒரு சொற்பொழிவு, ஆடவர் பெண்டிரை வாழ்த்திக் கேலி பேச, பெண்டிர் அதைவிடக் காரமாகத் திருப்பித் தருவர். நாம் வள்ளுவர் நாளைப் பொங்கலுக்கு மறுநாள் வைத்திருக்கிறோம். வீட்டிலே கரும்பு இருக்கிறது, பொங்கல் இருக்கிறது. ஆனால் குறள் மேடையில் இருக்கிறது. அவர்களோ கவிஞனைச் சோற்றுத் தட்டுக்கு அருகே உட்கார வைத்துவிட்டார்கள். பாட்டு தெரியாத சமையற்காரனுக்கும் அன்று பங்கு உண்டு.

292 ஆண்டுகள் மூடிக்கிடந்த உரிமை மீண்டு, 1999 ஜூலை 1-இல் ஸ்காட்லாந்தின் பாராளுமன்றம் எடின்பரோவில் முறைப்படி திறக்கப்பட்டது. எலிசபெத் அரசியார் அவையில் அமர்ந்திருந்தார். ஷீனா வெலிங்டன் என்னும் பாடகி, பட்டமும் பட்டாடையும் மனிதனை உயர்த்தா என்று பர்ன்ஸ் இயற்றிய பாட்டை, பக்கவாத்தியம் இல்லாமல், நாட்டு மொழியிலேயே பாடினார். கடைசிக் கண்ணி வந்தபோது உறுப்பினர்களும் சேர்ந்து பாடினார்கள்.