ஹைதர் அலி: நாமக்கல் கோட்டையிலிருந்து கும்பஸ் வரை

நாமக்கல் மலைக்கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, இது திப்பு சுல்தான் கட்டியது என்று சொல்லிக்கொடுப்பது நம்மில் பலருக்கு வழக்கம். பிரியத்தில் சொல்வதுதான். ஆனால் கோட்டை நாயக்கர் காலத்தது. 1768-ல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினர். சில மாதங்களிலேயே மீட்டவர் திப்புவின் தந்தை ஹைதர் அலி. கட்டாததைக் கட்டியதாகச் சொல்லிப் பெருமை சேர்க்கும் அவசியம் அவருக்கு இல்லை.

கோலாரை அடுத்த பூதிக்கோட்டையில் பிறந்தவர். தந்தை ஃபத்ஹ் முஹம்மத் போரில் இறந்தபோது ஹைதர் சிறுவர். எழுதப் படிக்கக் கற்கவில்லை; ஆனாலும் பல மொழிகள் பேசினார், அபார நினைவாற்றல் கொண்டிருந்தார். (மதரஸாவில் மனனம் செய்து வளர்ந்த நமக்கு இது வியப்பாகத் தோன்றாது!) 1749-ல் தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய வீரம் அவரை மைசூர் அரசவையின் கண்ணில் படவைத்தது. 1755-ல் திண்டுக்கல் ஃபௌஜ்தார் ஆனார். பிரெஞ்சுக்காரர்களைக் கொண்டு அங்கே ஆயுதச்சாலை அமைத்தார். அவருடைய உயர்வின் அஸ்திவாரம் நம் தமிழ் மண்ணில்தான் போடப்பட்டது.

1761-க்குள் மைசூரின் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. உடையார் மன்னர் பெயரளவுக்கு அரண்மனையில் இருந்தார். அதிகாரத்தை அவர் பறித்தார் என்பதை மறைத்து எழுத வேண்டியதில்லை.

1769-ல் குதிரைப்படையுடன் சென்னையின் வாசலுக்கே வந்து நின்று, கம்பெனியைச் சமாதான ஒப்பந்தத்துக்குப் பணியவைத்தார். ஆபத்தில் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மராட்டியர் படையெடுத்தபோது கம்பெனி உதவவில்லை. அந்த வஞ்சனையை ஹைதர் மறக்கவே இல்லை. 1780-ல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது, பெய்லி கைதியானார்.

போர் முடியுமுன், 1782 டிசம்பர் 7 அன்று, சித்தூர் அருகே பாசறையில் நோயால் வஃபாத்தானார். மலபாரிலிருந்த திப்பு வந்து சேரும்வரை அந்தச் செய்தி வெளியே விடப்படவில்லை.

அவருடைய கைவேலையைப் பார்க்க விரும்புவோர் பெங்களூருக்குப் போகலாம். மண்கோட்டையாக இருந்ததைக் கல்கோட்டையாக்கியவர் அவர். அதில் டெல்லி வாசல் பக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. லால்பாக் தோட்டம் 1760-ல் அவர் தொடங்கியது. தேக்குமர அரண்மனையை அவர் 1781-ல் தொடங்க, திப்பு 1791-ல் முடித்தார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தந்தைக்காகத் திப்பு எழுப்பிய அடக்கஸ்தலமே கும்பஸ். முதலில் கோலாரில் அடக்கப்பட்ட ஜனாஸா பின்னர் இங்கே கொண்டுவரப்பட்டது. சுற்றிலும் மெருகேற்றிய கருங்கல் தூண்கள், தந்தம் இழைத்த கருங்காலிக் கதவுகள், உட்சுவரில் புலிவரி ஓவியம். நடுவில் ஹைதரின் கப்ரு. ஒருபுறம் மனைவி ஃபக்ருன்னிஸா. மறுபுறம், 1799 மே மாதம் முதல், மகன் திப்பு.