பண்டிதர் அயோத்திதாசர்



ஈப்போ குகைக் கோயில்களில் புத்தர் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். சாம் போ தோங்கில் ஆமைக்குத் தீனி போட்டுவிட்டு, இது சீனர் சாமி என்று சொல்லித் திரும்பிவிடுகிறோம். அந்தப் புத்தரைத் தம் சொந்தப் பாட்டனாகவே எண்ணி வாழ்ந்த தமிழர் ஒருவர் உண்டு. அவர்தான் அயோத்திதாசப் பண்டிதர்.

1845 மே 20-இல் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் வைத்தியமும் கற்பித்த ஆசிரியரின் பெயரையே பிறகு தம் பெயராக்கிக்கொண்டார். ஆசிரியர்மேல் அப்படி ஒரு மதிப்பு, பிள்ளைகளே! பாட்டனார் கந்தப்பன் வெள்ளைக்காரத் துரை வீட்டில் சமையல்காரர். அவர் காத்துவைத்திருந்த திருக்குறள் ஏடுதான் எல்லிஸ் துரையிடம் போய் அச்சுக்கு வந்தது என்று பண்டிதர் எழுதிவைத்திருக்கிறார்.

இளமையில் நீலகிரியில் அத்வைத சபை நடத்தினார். எல்லாம் ஒன்றே என்று பேசினார். ஆனால் தாழ்த்தப்பட்டவன் கோயில் வாசலில்தானே நின்றான்? 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், எங்கள் மக்களை ஏன் சிவன் கோயிலுக்குள்ளும் பெருமாள் கோயிலுக்குள்ளும் விடவில்லை என்று கேட்டார். உங்களுக்கென்று வேறு சாமிகள் இருக்கின்றனவே என்று பதில் வந்தது. படித்த மனிதர்கள் கூடிய சபை அது! அந்தச் சொல் அவரை எப்படிச் சுட்டிருக்கும், நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அவர் வசைபாடிக்கொண்டு உட்காரவில்லை. 1898-இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் கொழும்புக்குப் போய், சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார்.

பஞ்சசீலம் என்றால் ஏதோ பெரிய வித்தை இல்லீங்க. உயிரைக் கொல்லாதே, திருடாதே, பிறன்மனை தொடாதே, பொய் சொல்லாதே, மயக்கும் பொருளைக் குடிக்காதே. இவ்வளவுதான். கடைசி ஒன்றில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் காலத்துத் தோட்டங்களில் பள்ளிக்கூடம் இருந்ததோ இல்லையோ, கள்ளுக்கடை இருந்தது. சம்பள நாளன்று பாதிக் காசு எங்கே போனது என்று லயத்துப் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். ஊரார் செய்த இழிவு ஒரு பக்கம். நம் கையாலேயே தேடிக்கொண்ட துன்பம் மறுபக்கம். இந்த இரண்டாவதைத் தீர்க்கப் பூசாரியும் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். ஒழுக்கத்தில் நின்று, அமைதியாக உட்கார்ந்து, ஆசையும் கோபமும் தன் மனத்தில் எங்கே முளைக்கின்றன என்று தானே பார்க்க வேண்டும். புத்தர் காட்டிய வழி இது. கோயில் கதவு சாத்தப்பட்டவனுக்கும் இந்த வழி திறந்தே இருந்தது. பண்டிதரை இழுத்தது இதுதான் என்பது என் எண்ணம்.

1907 ஜூன் 19-இல் இராயப்பேட்டையில் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். விலை ஒரு பைசா. பெயரும் ஒரு பைசாத் தமிழன்! அடுத்த ஆண்டு அது தமிழன் ஆயிற்று. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குக்கூடப் புத்தசமயக் காரணம் சொல்லி எழுதினார். அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் எனக்கு ஒப்பானவை அல்ல. இருந்தாலும் கோலார் தங்க வயலில் மண்ணுக்கடியில் வேலைசெய்த தமிழர்கள் அந்தப் பத்திரிகையை வாங்கிப் படித்தார்கள். தங்கள் ஊரிலும் சங்கம் வைத்தார்கள்.

1914 மே 5-இல் பண்டிதர் மறைந்தார். பத்திரிகை சில காலத்தில் நின்றுபோயிற்று. 1926-இல் அதை மறுபடி நடத்தத் தொடங்கியவர் அப்பாதுரையார். நடத்திய இடம் அதே கோலார் தங்க வயல்.