நகல் எடுத்துச் சலித்த வக்கீல்

பரீட்சைக்கு முதல் நாள் நண்பனுடைய நோட்டைக் கடன் வாங்கிக்கொண்டு நாம் ஓடுவது ‘ஜெராக்ஸ்’ கடைக்கு. அந்த வித்தையைக் கண்டவர் ஒரு பேட்டண்ட் வக்கீல் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

செஸ்டர் கார்ல்ஸன் 1906-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸியாட்டில் நகரில் பிறந்தார். தந்தை முடிதிருத்துபவர், தீராத நோயாளி. பள்ளிப் பருவத்திலேயே உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு மகன் தலையில் விழுந்தது. பதினேழு வயதில் தாயையும் இழந்தார். அப்படியும் படிப்பை விடாமல், 1930-இல் காலிபோர்னியாவில் பௌதிகப் பட்டம் பெற்றார். வியாபாரமெல்லாம் படுத்துக் கிடந்த காலம் அது. 82 கம்பெனிகளுக்கு மனுப் போட்டார். நியூயார்க்கில் பெல் ஆராய்ச்சிச்சாலையில் கிடைத்த வேலையும் 1933-இல் போயிற்று. அங்கே பேட்டண்ட் இலாகாவில் பழகியதுதான் மிச்சம். அதைக்கொண்டே மின்சாதனங்கள் செய்யும் மலோரி கம்பெனியில் பேட்டண்ட் வேலையில் அமர்ந்தார். இரவில் சட்டப் படிப்பு.

பேட்டண்ட் வக்கீலின் பிழைப்பு பெரும்பாலும் கோர்ட்டில் முழங்குவதன்று. ஒரு கண்டுபிடிப்பில் எது பழையது, எது புதியது என்று சலித்தெடுத்து, புதியதைச் சுற்றிச் சொற்களால் வேலி கட்டுவது. அதற்குப் பிரதிகள் ஏராளமாக வேண்டும். படங்களுக்குப் பிரதி எடுப்பதோ பெருந்தொல்லை. போதாததற்கு, சட்டப் புத்தகம் வாங்கக் காசில்லாமல் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதினார். கை மரத்துப்போயிற்று.

வக்கீல் மூளை இங்கேதான் உதவியது. ரசாயன முறைப் புகைப்படத் துறையைப் பெரிய கம்பெனிகள் முன்பே உழுதுவிட்டன, தமக்கு அங்கே ஒரு முழ நிலமும் மிஞ்சாது என்று கண்டார். ஆகவே, ஒளி பட்டால் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்களின் பக்கம் திரும்பினார். 1937 அக்டோபரில் பேட்டண்டுக்கு மனுச் செய்தபோது ஒரு பிரதிகூட எடுத்திருக்கவில்லை! பயிருக்கு முன்னே வேலி.

வீட்டு அடுப்பில் கந்தகம் உருக்கி ஊரை நாற அடித்தபின், அஸ்டோரியாவில் ஓர் அறை பிடித்தார். ஆட்டோ கோர்னி என்ற ஆஸ்திரியப் பௌதிக நிபுணர் துணைக்கு வந்தார். 1938 அக்டோபர் 22 அன்று, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார்கள். எழுத்திட்ட கண்ணாடியை அதன்மேல் வைத்து விளக்கொளி காட்டினார்கள். பிறகு பொடி தூவி ஊதியதும், அன்றைய தேதியும் அஸ்டோரியா என்ற பெயரும் தகட்டில் நின்றன. மெழுகுத்தாளில் ஒற்றி எடுத்தார்கள்.

இருபதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் கைவிரித்தன. 1944-இல் பாட்டல் ஆராய்ச்சி நிலையமும், 1947-இல் ஹாலாய்ட் என்ற சிறு கம்பெனியும் கைகொடுத்தன. இந்த ஹாலாய்டே பின்னாளில் ஜெராக்ஸ் ஆயிற்று. ஒரு வேடிக்கை: 1942-இல் கிடைத்த மூல உரிமைக்கு அந்நாளைய சட்டப்படி ஆயுள் 17 ஆண்டு, 1959 அக்டோபரோடு முடிந்தது. ‘914’ என்ற இயந்திரம் உலகுக்குக் காட்டப்பட்டதோ அதற்கு முந்திய மாதந்தான்! இடையில் செய்த திருத்தங்களுக்கெல்லாம் தனித்தனியே பேட்டண்ட் வாங்கியிருந்ததால் கம்பெனி பிழைத்தது.

கோர்னி தொடக்கத்திலேயே நம்பிக்கை இழந்து, ஒப்பந்தத்தை ரத்துச் செய்துகொண்டு வேறு வேலைக்குப் போனவர். சட்டப்படி அவருக்கு ஒரு காசும் சேராது. அது கார்ல்ஸனுக்குத் தெரியாதா? ஆனாலும் பிற்காலத்தில் நூறு பங்குகளை அவருக்கு அன்பளிப்பாக அனுப்பினார். தம் செல்வத்தின் பெரும்பகுதியையும், பெரும்பாலும் பெயர் சொல்லாமலே, தானம் செய்தார். 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் ஒரு சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்தது.