மறந்துவிடு என்று சொல்லாத வைத்தியர்

எங்கள் வீட்டில் அண்ணாவைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. 2009 இல் தண்ணீர் எடுக்கப் பங்கரை விட்டு வெளியே போனவர், வாசலிலேயே ஷெல்லடியில் இறந்தார். கதைத்தால் அம்மா தாங்கமாட்டா என்று உறவினர்கள் சொன்னார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால், ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டால் உடம்பு பதுங்க இடம் தேடும்.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோதுதான் மனவடு பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அந்த வாசிப்பில் என்னோடு தங்கிவிட்டவர் வில்லியம் ரிவர்ஸ்.

1864 இல் இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் பிறந்தவர். தந்தை மதகுரு, திக்குவாய்க்குச் சிகிச்சையளித்தவர். மகனின் திக்குவாயோ முழுமையாக மாறவேயில்லை. ஐந்து வயதுவரை வாழ்ந்த வீட்டின் மேல்மாடியை ரிவர்ஸால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அங்கே தனக்கு ஏதோ நடந்திருக்க வேண்டுமெனப் பிற்காலத்தில் கருதினார்.

மருத்துவம் படித்து, கேம்பிரிட்ஜில் உளவியல் கற்பித்தார். 1901-02 இல் நீலகிரிக்கு வந்து தோடர் மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார். அது 1906 இல் நூலானது.

முதலாம் உலகப் போரில், உடலில் காயமில்லாத சிப்பாய்கள் பேச்சிழந்தும் நடுங்கியும் திரும்பினார்கள். பலர் கோழைகள் எனப்பட்டார்கள். தப்பியோடியமை, கோழைத்தனம் போன்ற குற்றச்சாட்டுகளில் 300க்கும் மேற்பட்ட தன் சிப்பாய்களைப் பிரித்தானிய இராணுவம் சுட்டுக்கொன்றது. 1916 இல் ரிவர்ஸ் எடின்பரோவுக்கு அருகிலிருந்த கிரெய்க்லொக்கார்ட் வைத்தியசாலைக்கு வந்தார். அங்கிருந்த அதிகாரிகளுக்கு ஏற்கெனவே கிடைத்திருந்த அறிவுரை, நடந்ததை மறந்துவிடு என்பதுதான். பகலில் அவர்கள் தள்ளிவைத்தது இரவில் கனவாகத் திரும்பி வருவதை ரிவர்ஸ் கண்டார். எந்நேரமும் அதையே நினைத்திருக்கவும் அவர் சொல்லவில்லை. நினைவில் தாங்கக்கூடிய ஒரு பக்கத்தை நோயாளியோடு சேர்ந்து தேடினார்.

ஓர் அதிகாரி, சிதறிக் கிடந்த நண்பனின் உடலைக் கண்டவர். ஒவ்வோர் இரவும் அந்த உடல் கனவில் வந்தது. அப்படிச் சிதறியவர் வேதனைப்படாமல் உடனேயே இறந்திருப்பார் என்று ரிவர்ஸ் எடுத்துச் சொன்னார். சில இரவுகள் கனவே வரவில்லை. பிறகு வந்த கனவில் அவர் நண்பனருகே மண்டியிட்டு, வீட்டாருக்கு அனுப்பவேண்டிய பொருட்களை எடுத்தார். விழித்தபோது திகில் இல்லை, துக்கம் இருந்தது.

எல்லோருக்கும் அப்படியொரு பக்கம் கிடைக்கவில்லை. இன்னோர் அதிகாரியின் அனுபவத்தில் ஆறுதலாக எதையும் காண முடியவில்லை என்பதை 1917 டிசம்பரில் இலண்டனில் ஆற்றிய உரையில் ரிவர்ஸ் ஒளிக்காமல் சொன்னார்.

அவருடைய வேலையில் ஒரு முரண் இருந்தது. குணமானவர்கள் திரும்பவும் போர்முனைக்கே அனுப்பப்பட்டார்கள். போரை எதிர்த்து அறிக்கை விட்டதால் அவரிடம் அனுப்பப்பட்ட கவிஞர் சீக்பிரைட் சசூனும் அப்படித்தான் போனார். போருக்குப் பின் ரிவர்ஸ் தொழிற்கட்சி வேட்பாளராக அரசியலுக்கு வர இணங்கினார். தேர்தலுக்கு முன்பே, 1922 ஜூனில், 58 வயதில் திடீரென இறந்தார்.

இதையெல்லாம் வாசித்த பிறகு ஒருநாள் அம்மாவிடம் அண்ணாவைப் பற்றிக் கேட்டேன். அம்மா அழுதா. பிறகு, தண்ணிக் கானோடு போகும்போது தங்கச்சியைச் சீண்டிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போனவன் என்று சொன்னா. எனக்கு அது தெரியாது. ஹெலிகொப்டர்ச் சத்தத்துக்கு இப்போதும் திடுக்கிடுகிறேன். ஆனால், அண்ணாவின் பெயர் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது.

எங்கள் ஒழுங்கையில், 2009 இல் மகனைக் கையளித்துவிட்டு இன்னும் காத்திருக்கும் ஓர் அம்மா இருக்கிறா. அந்த அதிகாரிக்கு ஆறுதல் சொல்ல ரிவர்ஸிடம் ஓர் உண்மை இருந்தது: நண்பன் எப்படி இறந்தான் என்பது. இந்த அம்மாவுக்கு அதுகூட இல்லை. என்ன நடந்தது என்று சொல்லாமல் மறந்துவிடு என்று மட்டும் அவவிடம் யாரும் சொல்லக்கூடாது.