திருவிதாங்கூர் கண்ட மார்த்தாண்டவர்மர்

அரசுகள் தோன்றிய வரலாற்றைக் கேட்டால், ஒவ்வொரு நாட்டாரும் ஒரு கதை சொல்வர். அரசு தேடிச் சென்ற யானை கரிகாலனைக் கண்டு தன் பிடரியில் ஏற்றிக்கொண்டது என்பது சோழ நாட்டுக் கதை. கடல் கொணர்ந்த குழந்தையின்மேல் தொண்டைக் கொடி சுற்றியிருந்தது என்பது காஞ்சிக் கதை. முயல் ஒன்று வேட்டை நாயை எதிர்த்து விரட்டிய நிலத்தில் கோட்டை எழுந்தது என்பர் பாஞ்சாலங்குறிச்சியார். இக்கதைகளில் எல்லாம் அரசனாகப் பிறந்தவனைத் தெய்வமோ விலங்கோ அடையாளம் காட்டுகிறது. ஆனால் தென்கோடியில் ஓர் அரசு தோன்றிய கதையில் யானையும் இல்லை, மாலையும் இல்லை. உயிருக்கு அஞ்சி ஓடிவந்த இளைஞன் ஒருவனும், அவனைத் தன் பொந்தில் மறைத்துக்கொண்ட பலாமரம் ஒன்றுமே அக்கதையில் உண்டு. அந்த இளைஞரே பிற்காலத்தில் திருவிதாங்கூர் அரசை நிறுவிய மார்த்தாண்டவர்மர். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்து, பிறர் தந்த நிழலில் வாழத் தொடங்கிய நமக்கு அவர் வரலாறு பொருத்தமானது என்று கருதியே இவ்வாண்டு மலரில் அதனை எழுதத் துணிந்தோம்.

கதை நிகழ்ந்த நிலத்தை முதலில் கண்டுகொள்வோம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையும், அதனை அடுத்துப் பாறசாலையும் உள்ளன. அவற்றிற்கு வடக்கே, மலையை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்தது ஒற்றசேகரமங்கலம் என்னும் ஊர். பழமையான மகாதேவர் கோயிலை உடையது. மங்கலம் என முடியும் ஊர்ப்பெயர் தமிழகம் எங்கும் நாம் அறிந்ததே. இந்நிலப்பகுதியை முற்காலத்தில் ஆய் மன்னர் ஆண்டனர். அம்மரபில் வந்த கருநந்தடக்கன் ஒன்பதாம் நூற்றாண்டில் முஞ்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் திருமால் கோயிலும், தொண்ணூற்றைந்து மாணவர் உண்டு உறைந்து கற்கும் சாலையும் நிறுவினான். ஆய்களுக்குப் பின் வேணாட்டு மன்னர் வந்தனர். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததேயன்றி, இருபுறத்தும் உள்ள உறவுகளில் விழவில்லை. ஒரே வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிப்பதை அப்பக்கத்தார் அனைவரும் அறிவர்.

மார்த்தாண்டவர்மர் 1706ஆம் ஆண்டளவில் பிறந்தார். அன்னையார் ஆற்றிங்கல் அரச குடும்பத்தினர். தந்தையார் கிளிமானூர் மாளிகையைச் சேர்ந்தவர். அந்நாளில் வேணாடு ஒரு சிற்றரசு. மன்னர் என்ற பெயர் இருந்தது; ஆற்றல் இல்லை. பத்மநாபசுவாமி கோயிலின் பெருஞ்செல்வத்தையும் நிலங்களையும் எட்டரை யோகம் என்ற சபை ஆண்டது. அச்சபையில் மன்னருக்கு உரிய பங்கு அந்த அரை மட்டுமே என்று மரபு கூறும். எட்டுவீட்டுப் பிள்ளைமார் எனப்பட்ட பெருநிலக்கிழார் வரி தண்டினர், படை வைத்திருந்தனர், மன்னரை மதியாது நடந்தனர். கடற்கரையிலோ அஞ்சுதெங்கில் ஆங்கிலேயரும், கொல்லத்திலும் கொச்சியிலும் டச்சுக்காரரும் மிளகுக்காகக் காத்திருந்தனர்.

இந்நிலையில் பட்டத்துரிமைப் பூசலும் எழுந்தது. வேணாட்டு அரச மரபு மருமக்கள் வழியைச் சார்ந்தது. மன்னனின் மகன் அரசாள மாட்டான். உடன்பிறந்தாள் மகனே அரசாள்வான். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையேயும் இம்முறை நெடுங்காலம் வழங்கியதைக் கவிமணியின் மருமக்கள் வழி மான்மியம் படித்தோர் அறிவர். 1729 வரை ஆண்ட இராமவர்ம மன்னருக்குப் பப்புத் தம்பி, இராமன் தம்பி என்று மைந்தர் இருவர் இருந்தனர். தந்தையின் அரசு தமக்கே உரியது என்று அவர்கள் எண்ணினர். மருமகனாகிய மார்த்தாண்டவர்மரோ பிள்ளைமாரின் கொட்டத்தை அடக்க இளவரசராக இருந்தபோதே முனைந்தவர். எனவே பிள்ளைமார் தம்பிமார் பக்கம் சேர்ந்தனர். இளவரசரின் உயிருக்குக் குறி வைக்கப்பட்டது.

அதன்பின் அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. மாளிகையில் உறங்க முடியவில்லை. மாறுவேடம் பூண்டு, இரவில் நடந்து, பகலில் பதுங்கி, எளிய குடிகள் இட்ட உணவை உண்டு திரிந்தார் என்று அப்பகுதியின் வாய்மொழிக் கதைகள் பலபடக் கூறும். அவற்றுள் தலையாயது நெய்யாற்றின்கரைக் கதை. பகைவர் நெருங்கித் துரத்திவர, ஓட இடமின்றி நின்ற இளவரசருக்கு ஒரு சிறுவன் எதிரே தோன்றி, அருகில் நின்ற பெரும் பலாமரத்தின் பொந்தைக் காட்டினான் என்பர். அவர் உள்ளே ஒடுங்கியிருக்க, வந்தவர் தேடிச் சலித்துத் திரும்பினர். சிறுவனைப் பின்னர் எங்கும் காணவில்லை. கண்ணனே வந்தான் என்று நம்பிய அவர், அரசரான பின் அவ்விடத்தில் கிருஷ்ணசுவாமி கோயிலை எழுப்பினார் என்பது வரலாறு. அம்மச்சிப் பலா எனப் பெயர் பெற்ற அம்மரத்தின் அடிப்பகுதி கோயில் வளாகத்திலேயே நெடுங்காலம் போற்றிக் காக்கப்பட்டது. வந்தவன் கண்ணனோ, மாடு மேய்த்த சிறுவனோ, அதனை ஆராய்வது நம் நோக்கமன்று. வேந்தன் ஒருவன் தன் உயிரை எளியவன் ஒருவனிடத்தும் ஒரு மரத்தினிடத்தும் கடன் பெற்றான் என்பதே நாம் கருதத்தக்கது.

1729இல் மார்த்தாண்டவர்மர் பட்டம் ஏற்றார். நாயர் பிரபுக்களின் படையை நம்பி அரசாள முடியாது என்று உணர்ந்து, தமக்கே கடமைப்பட்ட படையைத் திரட்டினார். உள்நாட்டுப் பகையை ஒடுக்குவதே முதல் வேலையாயிற்று. தம்பிமார் இருவரும் நாகர்கோவிலில் கொல்லப்பட்டனர். பிள்ளைமார் சூழ்ச்சி வெளிப்பட்டபோது அவர்களும் கொலைத் தண்டனை பெற்றனர். அவர்கள் வீடுகள் இடிக்கப்பட்டன. பெண்டிரும் பிள்ளைகளும் துறைகளில் வாழ்ந்த மீனவரிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்று மரபு கூறும். ஆண்கள் செய்த பிழைக்குப் பெண்களும் குழந்தைகளும் தண்டனை அடைந்ததை எக்காலத்து அறமும் ஏற்காது. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் தம்பிமார் கதை என்றொரு பாட்டு உண்டு. அது வென்றவர் பக்கம் நிற்காமல் வீழ்ந்தவர் பக்கம் நின்று அழுகிறது. சி. வி. இராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட மார்த்தாண்டவர்மா என்னும் மலையாள நாவலோ இளவரசரின் பக்கம் நின்று பேசுகிறது. ஒரே நிலத்தில் இரண்டு நினைவுகளும் வாழ்கின்றன. இரண்டையும் அறிந்தவரே அம்மன்னரை அறிந்தவர்.

உள்நாடு அடங்கியபின் அவர் வடக்கே நோக்கினார். இதற்குத் துணை நின்றவர் இராமய்யன் தளவாய். திருநெல்வேலிச் சீமையில் ஏர்வாடியைச் சேர்ந்த எளிய அந்தணக் குடும்பத்திற் பிறந்து, அரண்மனையில் சிறு வேலையில் அமர்ந்து, அறிவொன்றையே துணையாகக் கொண்டு 1737இல் தளவாய்ப் பதவியை எய்தியவர். ஊர்விட்டு வந்த ஒரு தமிழரின் கையில் படையையும் நிருவாகத்தையும் ஒப்படைக்க மன்னர் தயங்கவில்லை. கொட்டாரக்கரை, காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என ஒன்றன்பின் ஒன்றாகச் சிற்றரசுகள் சேர்க்கப்பட்டன. கொச்சியின் எல்லை வரை அரசு பரந்தது.

மிளகு வாணிகம் கைநழுவுவதைக் கண்ட டச்சுக்காரர் சும்மா இருக்கவில்லை. இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த வான் இம்மாப் 1739இல் நேரில் வந்து, படையெடுப்போம் என்று அச்சுறுத்தினார். தாமும் தம் மீனவரின் படகுகளைக் கொண்டு ஐரோப்பாவின்மேல் படையெடுக்க எண்ணியிருப்பதாக மன்னர் விடையிறுத்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. 1741இல் டச்சுப் படை குளச்சலில் இறங்கிற்று. கரையோர ஊர்களைக் கைப்பற்றிக் கல்குளம் நோக்கி முன்னேறிற்று. மன்னர் வடக்கிலிருந்து விரைந்து வந்தார். பீரங்கி போதாத குறையை மறைக்கப் பனந்தடிகளை வண்டிகளில் ஏற்றி நிறுத்தினர் என்றும், கடற்கரை மீனவர் அரசருக்குத் தோள் கொடுத்தனர் என்றும் அவ்வூர் மக்கள் சொல்வர். ஆகஸ்டில் டச்சுப் படை பணிந்தது. ஐரோப்பிய வல்லரசு ஒன்றின் படை இந்திய மன்னர் ஒருவரிடம் இவ்வாறு தோல்வியுற்றது அக்காலத்தில் பெருவியப்பாயிற்று. குளச்சலில் நிற்கும் வெற்றித்தூண் அதனை இன்றும் கூறிக்கொண்டிருக்கிறது. 1753இல் மாவேலிக்கரை உடன்படிக்கையின்மூலம் டச்சுக்காரர் சிற்றரசுகளுக்குத் துணைபோவதைக் கைவிட்டனர்.

அப்போரில் சிறைப்பட்டவருள் ஒருவர் டிலனாய் என்னும் இளம் படைத்தலைவர். அவரை மன்னர் கொல்லவில்லை. படைக்குப் பயிற்சி தரும் பொறுப்பை அவரிடமே அளித்தார். பகைவராய் வந்தவர் வலிய கப்பித்தான் என மக்கள் அழைக்கும் தளபதியானார். ஐரோப்பிய முறையில் படையை அணிவகுத்தார். உதயகிரிக் கோட்டையைப் புதுக்கிப் பீரங்கி வார்க்கும் பட்டறை அமைத்தார். ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்து, 1777இல் மறைந்து, அக்கோட்டைக்குள்ளேயே அடங்கினார். அவர் கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. எங்கோ பிறந்தவருக்கு இம்மண்ணின் மொழியில் இறுதி எழுத்து அமைந்ததைக் காணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது.

வாளால் வந்த நாட்டை வாளால் மட்டும் காக்க இயலாது என்பதை மன்னர் அறிந்திருந்தார். மிளகு வாணிகத்தை அரசின் கைக்குக் கொண்டுவந்தார். நிலங்களை அளந்து பதிவு செய்யச் செய்தார். வரவையும் செலவையும் முன்கூட்டியே வகுத்துக் காட்டும் பதிவுக்கணக்கு முறையை ஏற்படுத்தினார். நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீர் தந்த பொன்மனை அணையோடும் புத்தனணையோடும் உழவர் அவர் பெயரைச் சேர்த்தே நினைக்கின்றனர். கல்குளம் கோட்டையைக் கருங்கல்லாற் கட்டுவித்துத் தலைநகருக்குப் பத்மநாபபுரம் எனப் பெயரிட்டார். தீக்கிரையாகியிருந்த பத்மநாபசுவாமி கோயிலையும் புதுக்கினார். ஒற்றைக்கல் மண்டபமும், சாலக்கிராமங்களால் அமைந்த பெருமாளின் திருமேனியும் அத்திருப்பணியில் அமைந்தவை.

அனைத்திற்கும் முடியாக 1750 ஜனவரியில், கொல்லம் 925 மகரம் 5ஆம் நாள், அவர் செய்த செயல் ஒன்று உண்டு. இருபது ஆண்டு உழைத்துச் சேர்த்த நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்கே எழுதிக்கொடுத்தார். உடைவாளைக் கோயிலின் கல்மண்டபத்தில் வைத்து, இறைவனின் அடியாராக அதனை மீண்டும் எடுத்துக்கொண்டார். அதுவே திருப்படிதானம். 1949இல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணையும்வரை ஆண்ட மன்னர் அனைவரும் பத்மநாபதாசர் என்ற பெயரிலேயே ஆண்டனர். இதனை அரசியல் திறம் என்பாரும் உளர். இறைவன் நாட்டை எதிர்ப்பது பாவம் என்ற அச்சம் மன்னருக்கு அரணாயிற்றன்றோ! பக்தி என்பாரும் உளர். போரில் விளைந்த பாவம் தீர ஆறாண்டுக்கு ஒருமுறை ஐம்பத்தாறு நாள் நிகழும் முறைஜபத்தை அவர் ஏற்படுத்தியதை நோக்கின், சிந்திய குருதி அவர் நெஞ்சை உறுத்தியது என்று கொள்வதே பொருந்தும் எனத் தோன்றுகிறது.

ஆயினும் அந்த நெஞ்சு எல்லார்க்கும் இடம் தரவில்லை. நட்டாலத்தில் பிறந்து அரண்மனையில் அலுவல் பார்த்த நீலகண்ட பிள்ளை, டிலனாயின் நட்பால் கிறித்தவம் தழுவி, 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயர் பெற்றார். 1749இல் சிறைப்பட்டு, பல துன்பங்கள் உற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்ற அவரைக் கத்தோலிக்கத் திருச்சபை 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தது. வேற்று நாட்டார் ஒருவரை அவர் சமயத்தோடு ஏற்றுக்கொண்ட மன்னர், தம் குடியானவர் ஒருவரை அவ்வாறு ஏற்கவில்லை. பலாமரம் இளவரசருக்குச் செய்ததை, இளவரசர் அரசரானபோது தேவசகாயத்திற்குச் செய்யவில்லை. நிறுவியவரின் பெருமையைப் பேசுமிடத்து இதனை மறைப்பது முறையன்று.

இராமய்யன் 1756இல் மறைந்தார். மன்னரும் 1758 ஜூலை 7 அன்று உலகு நீத்தார். மருமகனார் கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் பட்டம் ஏற்று 1798 வரை ஆண்டார். மைசூர்ப் படை மலபாரில் புகுந்தபோது அங்கிருந்து அஞ்சி ஓடிவந்த அரசரும் குடிகளும் திருவிதாங்கூரை அடைந்தனர். அவர்களை அவர் கைவிடவில்லை. அதனால் விளையும் போருக்கும் அஞ்சவில்லை. தர்மராஜா என்று உலகம் அவரை அழைத்தது அந்த அடைக்கலம் கருதியே. வடவெல்லையில் டிலனாய் எழுப்பிய நெடுங்கோட்டை 1789 இறுதியில் திப்புவின் தாக்குதலைத் தடுத்து நின்றது. மாமன் மரப்பொந்தில் பெற்ற அடைக்கலத்தை மருமகன் ஒரு நாட்டின் அளவாக விரித்துக் கொடுத்தார் என்று நாம் எண்ணி மகிழலாம். அரசு நிறுவப்பட்டது 1729இல் என்றாலும், அது நிறைவு பெற்றது இந்நாளிலேயே.

நம் குடியிருப்பில் நெல்லைக்காரரும் உண்டு, குமரிக்காரரும் உண்டு, நெய்யாற்றின்கரைப் பக்கத்தாரும் உண்டு. முதன்முதல் பெட்டியோடு வந்திறங்கிய நாளில் ஒரு வேளை உணவும் ஒரு திண்ணையும் தந்தவர் யார் என்பதை நம்மில் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருப்போம். அதுவே நம் பலாமரம். நேற்று வந்த நாம் இன்று நிலைத்துவிட்டோம். நாளை ஒருவர் வருவார். அவர் எந்த ஊரினர், எந்த மொழியினர், எந்தச் சமயத்தினர் என்று கேட்பதற்குமுன் கதவைத் திறப்போமாயின், இச்சங்கம் நிறுவியதன் பயனை எய்தியவராவோம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் பெற்றோர் தம் மக்களை நெய்யாற்றின்கரைக்கும் உதயகிரிக்கும் காற்றாடிமலைக்கும் ஒருசேர அழைத்துச் சென்று, மூன்று இடத்துக் கதையையும் சொல்லுமாறு வேண்டி அமைகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!