ஒளி மங்கிய விழிகளும் உணர்ந்த விரல்களும்

மேதைகளின் வாழ்வைப் படிக்கும்போது நாம் பெரும்பாலும் அவர்தம் புகழின் உச்சியையே காண்கிறோம். அரங்கம் நிறைந்த கூட்டமும் மன்னர் தந்த பரிசும் நம் நினைவில் நிற்கின்றன. அவர் குழந்தையாயிருந்த நாளில் அவருடைய சின்னஞ்சிறு விரல்களைப் பிடித்து, முதல் ஒலியை எழுப்பக் கற்றுக் கொடுத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை ஈண்டு நாம் கேட்க விழைகின்றோம். நாம் எடுத்துக்கொள்ளும் வாழ்க்கை, ஸ்பெயின் நாட்டின் புகழ்பெற்ற கிதார் மேதை பிரான்சிஸ்கோ தாரெகாவினுடையது.

கிதாரின் மரபு

கிதார் என்னும் நரம்பிசைக் கருவியின் வரலாற்றில் அந்தலூசிய மண்ணுக்குப் பெரும் பங்குண்டு. கருவியின் பெயரே கிரேக்கச் சொல்லிலிருந்து அரபு மொழி வழியாக ஸ்பானியத்திற்கு வந்தது என்பர் மொழியறிஞர் பலர். கி.பி. 822-இல் குர்துபா நகரை அடைந்த ஸிர்யாப், ஊது என்னும் நரம்பிசைக் கருவியில் வல்லவர். மாணவர்க்கு முதலில் தாளத்தையும், பின்னர் இசையின் எளிய வடிவத்தையும், அதன் பின்னரே அணிகளையும் அவர் கற்பித்தார் என மரபு கூறும். படிப்படியாகக் கற்பிக்கும் நெறி அந்நாட்டில் எவ்வளவு பழமையானது என்பதை இதனால் உணரலாம். தாரெகா அந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்.

கால்வாயில் விழுந்த குழந்தை

1852-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், கிழக்கு ஸ்பெயினில் காஸ்தெயோன் பகுதியைச் சேர்ந்த வில்லாரியல் என்னும் ஊரில் தாரெகா பிறந்தார். வயல்களும் நீர்க்கால்வாய்களும் நிறைந்த ஊர் அது. அப்பகுதியில் பாசனக் கால்வாயை அசேக்கியா என்பர். அரபு மொழியின் ஸாகியா என்னும் சொல்லே அவ்வாறு மருவியது. முஸ்லிம்கள் ஆண்ட காலத்துப் பாசனக் கலையின் சுவடு இன்றும் அச்சொல்லில் வாழ்கின்றது.

வயலுக்கு வளம் தந்த அந்தக் கால்வாயே ஒரு குடும்பத்திற்குத் துயரம் தந்தது. சிறு குழந்தையாயிருந்த தாரெகா, தம்மைப் பார்த்துக்கொண்ட பெண்ணிடமிருந்து ஓடியபோது கால்வாயில் விழுந்துவிட்டார். உயிர் தப்பியது, ஆனால் கண்கள் பழுதுற்றன. அதன் பின் வாழ்நாள் முழுவதும் அவருக்குத் தெளிவான பார்வை வாய்க்கவில்லை.

தந்தையின் முடிவு

தந்தையார் செல்வர் அல்லர். ஒரு கன்னியர் மடத்தில் காவற்பணி புரிந்து குடும்பத்தைக் காத்தவர். ஓய்வு வேளையில் கிதார் வாசிப்பது அவர் வழக்கம். அவர் வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்தில், மகன் அந்தக் கருவியை எடுத்து, தந்தை எழுப்பிய ஒலிகளைத் தானும் எழுப்ப முயன்றான். அவனுடைய முதற் பாடம் யாரும் சொல்லித் தராத பாடம். கேட்டதைத் தேடிய பாடம்.

மகனின் பார்வை முற்றிலும் போய்விடுமோ என்று தந்தை அஞ்சினார். ஏழையின் பிள்ளை பார்வையும் இழந்தால் அக்காலத்தில் அவனுக்கு எஞ்சுவது பெரும்பாலும் தெருவும் திருவோடும்தான். இந்த அச்சத்தைத் தந்தை கண்ணீராகக் கரைத்துவிடவில்லை. குடும்பத்தோடு காஸ்தெயோன் நகருக்குக் குடிபெயர்ந்தார். கண் போனாலும் கையும் காதும் இருக்கின்றன. இசையைக் கற்றால் மகன் தன் உழைப்பில் பிழைத்துக்கொள்வான் என்பது அவர் எண்ணம். குழந்தைக்கு இசை கற்பிக்க வேண்டும் என்ற முடிவு அந்த வீட்டில் ஆடம்பரமாகப் பிறக்கவில்லை. சோற்றுக்கு வழி தேடும் கவலையிலிருந்து பிறந்தது.

பார்வையற்ற ஆசான்கள்

அந்நகரில் தாரெகாவுக்கு வாய்த்த முதல் ஆசிரியர்கள் இருவர். எயுஹெனியோ ரூயிஸ் பியானோவும், மனுவேல் கொன்சாலஸ் கிதாரும் கற்பித்தனர். இருவருமே பார்வையற்றவர்கள்! இதனை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பார்வை போய்விடுமோ என்று அஞ்சிய வீட்டுப் பிள்ளைக்கு, பார்வையின்றியும் ஒருவர் தலை நிமிர்ந்து வாழலாம் என்பதற்கு அவ்விருவரின் வாழ்வே சான்றாக நின்றது. எந்தப் பாடத்திற்கும் முந்திய பாடம் அதுவே அன்றோ?

மிக இளம் வயதுக் குழந்தைக்குக் கிதார் கற்பிப்பது எளிதன்று. கருவியின் உடலோ பெரிது. குழந்தையின் மடியோ சிறிது. அக்காலத்தில் மேல் நரம்புகள் விலங்கின் குடலாலும், கீழ்நாத நரம்புகள் உலோகம் சுற்றிய பட்டாலும் ஆனவை. மெட்டின் மீது நரம்பை அழுத்தும் இளம் விரல்நுனி வலிக்கும், சிவக்கும். இடக்கை ஓரிடத்தை அழுத்த, அதே கணத்தில் வலக்கை நரம்பை மீட்ட வேண்டும். இரு கைகளுக்கும் இரு வேறு வேலைகள். மெட்டை ஒட்டி, அதன் பின்புறத்தில் அழுத்தினால் குறைந்த வலிமையில் தெளிந்த ஒலி வரும். தள்ளி அழுத்தினால் நரம்பு இரையும். பெரியவர்க்கு இதனைச் சொல்லி விளக்கலாம். குழந்தைக்குச் சொல்லால் விளங்காது. கையால் உணர்த்தி, காதால் தெளிவிக்க வேண்டும்.

பார்வையற்ற ஆசான் இதனை எங்ஙனம் கற்பித்திருக்கக்கூடும்? மாணவனின் விரல் எங்கிருக்கிறது என்று அவரால் பார்க்க இயலாது. ஒலி இரைகிறதா, தெளிகிறதா என்பதைக் கொண்டே பிழையை அறிய வேண்டும். தொட்டே திருத்த வேண்டும். தொலைவில் அமர்ந்து அதட்டிக் கற்பிக்கும் வழி அவருக்கு இல்லை. அருகில் அமர்வதும், பொறுமையோடு கேட்பதும், கையைப் பிடித்து இடம் காட்டுவதும் அவருக்குத் தவிர்க்க இயலாத முறைகள். குழந்தைக்கு வேண்டியவையும் இவையே. பிற்காலத்தில் உலகம் வியந்த தாரெகாவின் ஒலிநயத்திற்கு இந்த இளமைப் பயிற்சியே வித்தாயிற்று என்று நாம் கருதுவது மிகையாகாது.

கைவிடப்பட்ட காலம்

1862-ஆம் ஆண்டு ஹூலியன் ஆர்காஸ் என்னும் பெயர்பெற்ற கிதார் கலைஞர் காஸ்தெயோனுக்கு வந்தார். சிறுவனின் வாசிப்பைக் கேட்டு வியந்து, அவனைப் பார்சலோனாவுக்கு அனுப்புமாறு தந்தையிடம் கூறினார். பியானோவும் தொடர்ந்து பயில வேண்டும் என்ற நிபந்தனையோடு தந்தை இசைந்தார். கிதார் பிறருக்குத் துணையாக வாசிக்கும் கருவி என்றே பலரும் எண்ணிய காலம் அது. பியானோவே சோறு போடும் என்பது தந்தையின் கணிப்பு.

ஆனால் சிறுவன் பார்சலோனாவை அடைந்த சிறிது காலத்தில் ஆர்காஸ் கச்சேரிப் பயணம் புறப்பட்டுவிட்டார். பத்து வயதுச் சிறுவன் பெருநகரில் தனித்து நின்றான். இருந்த இடத்தை விட்டு ஓடி, காப்பிக் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் கிதார் வாசிக்கத் தொடங்கினான். தந்தை தேடிச் சென்று அழைத்து வந்தார். 1865-இல் பதின்மூன்று வயதில் மீண்டும் ஓடி, வலென்சியாவில் நாடோடிகளோடு சேர்ந்தான். தந்தை மீண்டும் சென்று மீட்டார். மீண்டும் ஓடினான்!

இந்நிகழ்ச்சிகளைச் சிறுவனின் குறும்பு என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. காஸ்தெயோனின் ஆசான்களுக்குப் பெரும்புகழ் இல்லை. ஆனால் அவர்கள் அவனருகில் இருந்தனர். புகழ்மிக்கவர் திறமையைக் கண்டறிந்தார். அருகில் இருக்க அவருக்கு இயலவில்லை. குழந்தையின் ஆற்றலைக் கண்டு பாராட்டுவது ஒரு கடமையென்றால், பாராட்டிய பின் அதனைப் பேணுவது அதனினும் பெரிய கடமை. சிறந்த மாணவன் என்று மேடையில் பரிசளித்துவிட்டு மறுநாள் அவனை மறந்துவிடும் நமக்கும் இச்செய்தி பொருந்தும். சலியாது தேடிச் சென்ற அந்த ஏழைத் தந்தை இல்லையெனில், தாரெகா என்ற பெயரை உலகம் அறிந்திராது.

ஏற்றம்

புரவலர் ஒருவரின் உதவியால் 1869-இல் செவில் நகரத்து அந்தோனியோ தெ தோரஸ் செய்த கிதார் இளைஞர் தாரெகாவின் கைக்கு வந்தது. கிதாரின் உடலைப் பெரிதாக்கி, ஒலியை வளப்படுத்தி, இன்றைய கிதாரின் அமைப்பை வகுத்த கைவினைஞர் தோரஸ். 1874-இல் தாரெகா மத்ரித் இசைக் கல்லூரியில் சேர்ந்து இசையமைப்புக் கலையைப் பயின்றார். பாரிசிலும் இலண்டனிலும் வாசித்துப் புகழ் பெற்றார். 1882-இல் மரியா ரிஸோவை மணந்தார், பார்சலோனாவில் வாழ்ந்தார். பியானோவுக்கென எழுதப்பட்ட ஷோப்பேன், பேத்தோவன் முதலியோரின் படைப்புகளைக் கிதாருக்கு மாற்றி அமைத்தார். தந்தை வற்புறுத்திய பியானோப் பயிற்சி வீண்போகவில்லை.

அவருடைய படைப்புகளில் பெரிதும் போற்றப்படுவது, அல்ஹம்ப்ராவின் நினைவுகள் என்னும் பொருள்படும் இசைப்பகுதி. கிரனாடாவில் நஸ்ரீ மன்னர்கள் எழுப்பிய அல்ஹம்ப்ரா அரண்மனையைக் கண்ட அனுபவத்தில் பிறந்தது அது. பெருவிரல் கீழ்நாதங்களை மீட்ட, ஏனைய மூன்று விரல்களும் ஒரே சுரத்தை மாறி மாறி விரைவாக மீட்டும். கேட்போர்க்கு அங்குள்ள நீரூற்றுகள் நினைவில் வரும். கால்வாய் நீரில் விழுந்து பார்வை குன்றிய குழந்தை, வளர்ந்த பின் நீரின் ஓசையை உலகமே கேட்கும் இசையாக்கித் தந்தார்! அரபுக் கற்பனை என்னும் பொருள்படும் மற்றொரு படைப்பும் அவருடையதே. அவர் இயற்றிய பெரு வால்ட்ஸ் என்னும் இசையின் சில சுரங்கள், 1994-ஆம் ஆண்டு முதல் நோக்கியா கைப்பேசியின் அழைப்பொலியாக உலகெங்கும் ஒலித்தன. இயற்றியவர் பெயர் அறியாமலேயே நம்மில் பலர் அவரைக் கேட்டிருக்கிறோம்.

ஆசான் ஆன மாணவன்

பெரிய அரங்குகளைவிடச் சிறு கூட்டத்தின் நடுவே வாசிப்பதையே தாரெகா விரும்பினார். பாடநூல் எதுவும் அவர் எழுதி வைக்கவில்லை. தம் முறையை மாணவர்களிடமே விட்டுச் சென்றார். இடக்காலைச் சிறு மணை மீது வைத்து, கிதாரை இடத்தொடையில் நிறுத்தும் அமர்வு முறை அவரால் நிலைபெற்றது. இறுதிக் காலத்தில் நகத்தை விடுத்து விரல்நுனிச் சதையாலேயே மீட்டினார். ஆயினும் எல்லா மாணவரும் அவ்வாறே வாசிக்கவில்லை. எமிலியோ புஹோல் ஆசானின் வழியில் நகமின்றி வாசித்தார்; மிகேல் யோபெட் நகத்தோடு வாசித்தார். இருவரும் மேதைகளாயினர். புஹோல் பின்னர் ஆசானின் முறையை விரிவான பாடநூலாக்கியதோடு, அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார்.

1897-இல் வலென்சியாவில் பிறந்த ஹோசபினா ரொப்லேதோ என்னும் சிறுமியும் அவரிடம் பயின்றார். 1906-இல் பக்கவாதம் தாரெகாவின் வலப்பக்கத்தைத் தாக்கியது. நரம்பை மீட்டும் கையே செயலிழந்தது. அவரோ குழந்தையைப் போல மீண்டும் தொடக்கத்திலிருந்து விரல்களைப் பழக்கினார். 1909 டிசம்பர் 15-இல் தம் 57-ஆம் வயதில் பார்சலோனாவில் அவர் மறைந்தபோது, ரொப்லேதோவுக்குப் பன்னிரண்டு வயது. அச்சிறுமி வளர்ந்து, கடல் கடந்து தென்னமெரிக்கா சென்று, அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் ஆசானின் முறையைப் பரப்பினார். பார்வையற்ற ஒருவர் பார்வை மங்கிய சிறுவனுக்குக் கொடுத்தது, ஒரு சிறுமியின் கை வழியாகப் பெருங்கடலைத் தாண்டிற்று.

நாம் கொள்ள வேண்டியது

இன்றும் உலகெங்கும் கிதார் பயிலத் தொடங்கும் மாணவர்கள், கண்ணீர்த்துளி என்னும் பொருள்படும் தாரெகாவின் சிறு படைப்பை வாசித்துப் பழகுகின்றனர். மனுவேல் கொன்சாலஸின் பெயரையோ எயுஹெனியோ ரூயிஸின் பெயரையோ அவர்களில் மிகச் சிலரே அறிவர். முதல் வகுப்பு ஆசிரியரின் நிலை எங்கும் அதுதான்.

இதனைப் படிக்கும் மாணவர்களில் சிலர் நாளை ஆசிரியராவீர், பலர் பெற்றோராவீர். குறையுள்ள குழந்தையோ, குறும்புள்ள குழந்தையோ உங்கள் முன் வந்து நிற்கும் நாள் வரும். அன்று அக்குழந்தையால் இயலாதது எது என்று எண்ணுவதற்கு முன், எஞ்சியிருப்பது எது என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் காவற்காரத் தந்தை அவ்வாறுதான் எண்ணினார்.